பழைய காருக்கு றேடியேற்றர் தேடிய கதை



வழமையாக வரிக் கணக்கு, ஓய்வூதியச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்லூரிக் கடன் என்று பேசுவதற்குத்தான் இந்த நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் தொழிலால் கணக்காளன். இன்றைக்கு அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியும், அதைக் குளிர வைக்கும் பாகங்களைத் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டதைப் பற்றியும் பேசலாம் என்று நினைக்கிறேன். கார் வைத்திருக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். விஷயம் கடைசியில் எங்கள் வீடுகளுக்குத்தான் வரும்.

நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஒஸ்ரின் நகரம். ஆனால் எங்கள் வயதுக்காரருக்கு ஒஸ்ரின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நகரம் அல்ல, கார். ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-55. யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்குப் போனதும் அதில்தான், ஆசுப்பத்திரிக்குப் போனதும் அதில்தான். நகரத்தின் பெயர் ஸ்ரீபன் ஒஸ்ரின் என்ற ரெக்சாஸ் முன்னோடியின் பெயர். காரின் பெயர் 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில் தொழிற்சாலை தொடங்கிய ஹேபேட் ஒஸ்ரின் என்பவரின் பெயர். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் சென்ற கோடையில் எங்கள் தெருவில் இரண்டும் ஒரு விதத்தில் சந்தித்துக்கொண்டன.

எங்கள் அயலில் ஒரு குடும்பம். தகப்பனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மகன் இங்கேயே வளர்ந்து, கணினித் துறையில் வேலை செய்கிறார். அவர் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கினார். இரண்டு இருக்கை, துணிக் கூரை, சிவப்பு நிறம். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த கார் அது. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குத்தான் வந்தது. அதனால் இன்றைக்கும் இங்கே ஏராளமாக இருக்கிறது, பாகங்களும் கிடைக்கின்றன.

தம்பி ஆசையோடு வாங்கினார். ஓகஸ்ட் மாதம், வெயில் நூறு பாகை பரனைற்றைத் தாண்டிய ஒரு நாள், ஐ-35இல் வைத்து எஞ்சின் கொதித்துவிட்டது. பொனற்றுக்குள்ளால் ஆவி. தெருவோரத்தில் நின்று இழுவை வண்டிக்குக் காத்திருந்தார்.

அதன் பிறகு அவர் செய்தது, எங்களில் பலர் செய்வதுதான். பாகங்கள் வாங்கத் தொடங்கினார். முதலில் தேமொஸ்ரற். பிறகு றேடியேற்றர் மூடி. பிறகு வோட்டர் பம்ப். பிறகு ஒரு மின்சார விசிறி. ஒவ்வொன்றையும் பூட்டி ஓடிப் பார்ப்பார், கார் பழையபடி கொதிக்கும். பம்ப் பொருந்தவே இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. என்னிடம் ஒரு நாள் வந்து, “அங்கிள், இதுக்கு எவ்வளவு முடிஞ்சுது எண்டு கூட்டிப் பாக்கவே பயமா இருக்கு” என்றார். நான் கணக்காளன் அல்லவா, கூட்டிப் பார்த்தேன். தேமொஸ்ரற் 12 டொலர், மூடி 15, பம்ப் 70, விசிறி 210. அனுப்பிய செலவும் திருப்பி அனுப்பிய செலவும் 41. ஆக 348 டொலர். பம்புக்குப் பிறகு 70 டொலர் திரும்பி வந்தது. மிச்சம் 278 டொலர் போயும் கார் அதே இடத்தில் நின்றது.

“அப்பாட்டக் கேட்டனீரோ?” என்றேன். ஏனென்றால் அவருடைய அப்பா ஊரில் கராச்சில் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும். தம்பி சிரித்தார். “அப்பாக்கு ஊர்க் கார்தானே தெரியும் அங்கிள். இது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்” என்றார்.

அண்ணையும் அதுவரை கிட்டப் போகவில்லை. மகனுடைய சாமான், மகனுடைய காசு, தான் வாய் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டார். நான்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி பொனற்றைத் திறந்தார். அண்ணை குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “இது கேம்பிரிட்ஜ் எஞ்சின் அல்லோ?”

நேயர்களே, அவர் சொன்னது சரி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் பழைய காருக்குப் பாகம் தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது, அந்தக் காரின் பெயரை அல்ல, அதன் குடும்பத்தை.

1952இல் ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸ் கம்பனியும் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டர் கோப்பரேஷன் ஆகின. எம்.ஜி. என்பதும் மொறிஸ் கராச் என்பதன் சுருக்கம்தான். ஒன்றானபின் வேறு வேறு கார்களுக்கு வேறு வேறு எஞ்சின் செய்வது வீண் செலவு என்று, சில எஞ்சின்களையே எல்லாக் கார்களுக்கும் போட்டார்கள். நடுத்தரமான கார்களுக்குப் போட்டது பி வரிசை எஞ்சின். 1947இல் வந்த ஏ-40 டெவன் காரின் 1200 சி.சி. எஞ்சின் அதன் மூதாதை. 1489 சி.சி.யாக அது மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் போனது. 1955இல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது. இந்தியாவில் 2014 வரை செய்த அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் இதே 1489 சி.சி. எஞ்சின்தான் ஓடியது. 1962இல் அதையே 1798 சி.சி. ஆக்கி எம்.ஜி.பி.க்குப் போட்டார்கள். எங்கள் ஊர் ஹயர் காரும், இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

அதற்காக எல்லாப் பாகமும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. சில பொருந்தும். உதாரணமாக தேமொஸ்ரற். மினி, மொறிஸ் மைனர், எம்.ஜி.பி. எல்லாவற்றுக்கும் 54 மில்லிமீற்றர் அளவான ஒரே தேமொஸ்ரற். அதன் இலக்கம் ஜி.ரி.எஸ். 104 என்றால் 82 பாகை செல்சியசில் திறக்கும். 102 என்றால் 74 பாகை, 106 என்றால் 88 பாகை. இலக்கம் தெரிந்தவர் எந்தக் காரின் பாகம் விற்கும் கடையிலும் வாங்கலாம். ஆனால் வோட்டர் பம்ப் அப்படி அல்ல. ஒரே எம்.ஜி.பி.யிலேயே காலத்துக்குக் காலம் பம்பின் மூக்கு நீளமும், பெல்ற் ஓடும் கப்பியும் மாறியிருக்கின்றன. தம்பி காரின் ஆண்டைச் சொல்லி வாங்கினார். ஐம்பது வருடக் காரில் எஞ்சின் மாறியிருக்கலாம், பம்ப் மாறியிருக்கலாம், கப்பி மாறியிருக்கலாம். எஞ்சினில் பதித்திருக்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய பாகத்தைக் கழற்றி அளந்து பார்த்துவிட்டுத்தான் புதியதை வாங்க வேண்டும்.

சரி, அண்ணையிடம் வருவோம். அவர் பாகம் எதையும் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். “ஓடேக்கையோ சூடேறுது, நிக்கேக்கையோ?”

தம்பி யோசித்துவிட்டுச் சொன்னார்: “சிக்னல்ல நிக்கேக்க ஓரளவு பரவாயில்லை அப்பா. ஹைவேயில வேகமாப் போகேக்கதான் ஏறுது.”

“அப்ப விசிறிக்கு ஏன் காசு குடுத்தனி?” என்றார் அண்ணை.

இந்தக் கேள்வியை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் வீட்டுப் புதுக் காருக்கும் பொருந்தும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்றுப் போதவில்லை. விசிறி, பான் பெல்ற், விசிறிக்குப் பின்னால் இருக்கும் மின்சாரம் இவற்றைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது சூடேறினால், காற்று தாராளமாக இருக்கிறது, தண்ணீர்தான் போதிய அளவு ஓடவில்லை. றேடியேற்றர் அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உள்ளுக்கு ஒட்டிக்கொள்ளலாம், தேமொஸ்ரற் முழுக்கத் திறக்காமல் இருக்கலாம். தீப்பொறி பிந்தி விழுந்தாலும் சூடேறும். ஸ்ரார்ட் பண்ணிச் சில நிமிடங்களிலேயே தண்ணீருக்குள் குமிழி வந்தால் ஹெட் கஸ்கற் போயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பெரிய உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில், வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு, அழுத்தம் பார்க்கும் பம்பையும், கஸ்கற் சோதிக்கும் நீல நிறத் திரவக் கருவியையும் இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். சோதனைக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சோதிக்காமல் வாங்குவதற்குத்தான் செலவு.

அண்ணை காரை ஓடச் சொல்லிச் சூடேற்றினார். பிறகு எஞ்சினை நிறுத்தி, மின்சார விசிறியின் வயரையும் கழற்றச் சொன்னார். அந்த விசிறி எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுழலும், விரல் போய்விடும். அதன்பின் றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை மெதுவாகக் கொண்டுபோனார். மேலே சூடு. இரண்டு கரையிலும் சூடு. நடுவில் கீழ்ப் பக்கம் ஒரு பெரிய இடம் குளிர்ந்து கிடந்தது. “இதுக்குள்ளால தண்ணி போகேல்லை” என்றார். தம்பி வெப்பமானித் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து காட்டிப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

றேடியேற்றரைக் கழற்றி மேல்தட்டுக்குள் பார்த்தபோது, மெல்லிய குழாய்களின் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பும், அதோடு மண்ணிறமான களி போன்ற ஒன்றும் அடைத்துக் கிடந்தன. அந்த மண்ணிறக் களியை விரலில் எடுத்துப் பார்த்த அண்ணை சிரித்துவிட்டார். “ஆரோ மஞ்சள் போட்டிருக்கிறான்” என்றார்.

தம்பிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் அது மஞ்சள் அல்ல. ஒழுகும் றேடியேற்றருக்குள் ஊற்றினால் ஓட்டையை அடைக்கும் என்று போத்தலில் விற்கும் ஒரு தூள். காரை விற்றவரோ, அவருக்கு முதல் வைத்திருந்தவரோ எப்போதோ போட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மஞ்சள் தூள். இலங்கையிலும் இந்தியாவிலும் லொறிச் சாரதிகள் பலருக்கும் தெரிந்த கைவைத்தியம். தூள் ஊறி ஓட்டையில் போய் அடைக்கும்.

அன்றைக்கு அந்தக் கராச்சுக்குள் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு இருந்துகொண்டு, அண்ணை மகனுக்கு ஒரு கதை சொன்னார். மகன் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவையாம்.

இளைய நேயர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். 1960களிலும் 70களிலும் இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் 1950களில் வந்த ஒஸ்ரினும் மொறிசும் ஓடிக்கொண்டே இருந்தன. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மின்கலம், உரம், சீமெந்து என்று எத்தனையோ சாமான்கள் தடைசெய்யப்பட்டன. உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. அந்த நாளில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். ஆனால் சூடு எல்லை மீறினால் எஞ்சின் தட்டத் தொடங்கும், ஹெட் வளையும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலில் ஓட்ட வேண்டும். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிய காலம் அது, பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் இரவு. அண்ணையின் கராச்சுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. ஏ-55 ஹயர் கார் ஒன்று கராச்சில் நின்றது. றேடியேற்றர் ஒழுகுகிறது என்று கொண்டுவந்து விட்டிருந்த கார். ஈயம் வைத்து ஒட்ட நேரமில்லை. வீட்டிலிருந்து ஒரு பிடி மஞ்சள் தூளை வாங்கி உள்ளே போட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். அரைவாசி வழியில் ஊசி ஏறிவிட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, வழியிலிருந்த ஒரு வீட்டுக் கிணற்றில் அள்ளி மெல்ல மெல்ல ஊற்றி, மீண்டும் ஓட்டி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

தம்பி கேட்டார்: “அப்ப மஞ்சள் வேலை செய்ததுதானே அப்பா?”

“ஓம், அண்டைக்கு வேலை செய்தது. அடுத்த நாள் விடியத்தான் நாங்கள் றேடியேற்றரைக் கழட்டி, மேல்தட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு குழாயுக்குள்ளாலையும் கம்பி விட்டுக் குத்திக் கழுவினனாங்கள். பிறகு ஓட்டையை ஒட்டினனாங்கள். இவன் கழுவாமல் விட்டிட்டான். அதுதான் பிழை.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கணக்கு வழக்கிலும் இதே விஷயம்தானே என்று பட்டது. அவசரத்துக்கு ஒரு பதிவைத் தற்காலிகக் கணக்கில் போடுவோம். மாத முடிவில் அதை எடுத்துச் சரியான இடத்தில் போட வேண்டும். போடாமல் விட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் இருந்து தலையைப் பிய்ப்பார்.

அந்த வெள்ளைச் சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வைத்துக் காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். இங்கே ரவுண்ட் ராக்கும் சுண்ணாம்புக்கல் நாடுதான். ஊருக்குப் பெயர் கொடுத்த அந்த வட்டக் கல்லே பிரஷி ஓடையில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். இங்கேயும் குழாய்த் தண்ணீர் கேத்தலில் படிகிறது. கேத்தலில் படிவது றேடியேற்றரிலும் படியும். படிந்த சுண்ணாம்பு சூட்டை வெளியே விடாது. ஆகவே பழைய காரோ புதிய காரோ, வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஒரு கலன் இரண்டு டொலருக்குள் கிடைக்கும். பித்தளை றேடியேற்றரும் ஈய ஒட்டும் உள்ள பழைய காருக்குப் பழைய வகைப் பச்சைக் குளிர்திரவமும் வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. அண்ணை ஊரில் மாரி காலத்தில் மழைத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்திருப்பாராம், நல்ல காரின் றேடியேற்றருக்கு ஊற்ற.

இனி, றேடியேற்றரைத் தேடிய கதை. எங்களுக்கு மூன்று வழி இருந்தது.

முதல் வழி, அலுமினியத்தில் புதியது. மலிவு, பாரமில்லை, நன்றாகக் குளிர்த்தும். ஆனால் விற்பவருக்கு விற்பவர் தரம் மாறும், பூட்டும் ஓட்டைகள் சில வேளை பொருந்தாது. இரண்டாவது வழி, பழைய மாதிரியில் செம்பும் பித்தளையுமாகச் செய்த மறுபதிப்பு. இந்த விஷயத்தில் எம்.ஜி. வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கலிபோர்னியாவில் கொலீற்றா என்ற ஊரில் இருக்கும் மொஸ் மோட்டர்ஸ் 1948 முதல் பிரிட்டிஷ் கார்களோடு சம்பந்தப்பட்ட நிறுவனம். அதன் விலைப்பட்டியலில் ஒவ்வொரு பாகமும் படத்தோடு, எந்த எஞ்சின் இலக்கத்துக்கு என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ் என்ற நிறுவனம், கார் உற்பத்தி நின்று எட்டு வருடத்துக்குப் பிறகு, 1988இல், எம்.ஜி.பி.யின் முழு உடலையே மறுபடி அடித்து விற்கத் தொடங்கியது. இதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மொறிஸ் மைனர் கார்களைத் திருத்திக் கொடுத்த பாத் நகரத்துச் சார்ள்ஸ் வெயார் என்பவரின் முயற்சியில், 1990களில் இலங்கையில் மொறிஸ் மைனருக்கான தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். தெற்கில் இது நடந்துகொண்டிருந்தபோதுதான் வடக்கில் எங்கள் ஆட்கள் ஓட்டைக்கு மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வழி, இருப்பதையே திருத்துவது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, பக்கச் சட்டம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள குழாய்ப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதியதை ஈயம் வைத்து ஒட்டுவது. அண்ணைக்கு இதுதான் விருப்பம். பழைய சட்டம் என்றால் பொருந்துமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். 1980களுக்குப் பிறகு வந்த கார்களில் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும்தான். அவற்றை யாரும் ஒட்டுவதில்லை, எறிந்துவிட்டுப் புதியதைப் போடுகிறார்கள். ஊருக்கு ஊர் இருந்த றேடியேற்றர் கடைகள் மூடப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பவை லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் வேலை செய்பவை. நாங்களும் அப்படி, உழவு இயந்திரக்காரர் போகும் கடை ஒன்றைத்தான் கண்டுபிடித்தோம். ஸ்போர்ட்ஸ் கார் திருத்துவோரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. பித்தளை ஒட்டத் தெரிந்தவரைத் தேடினோம், கிடைத்தார்.

கடைக்காரர் வயதான மெக்சிக்கோக்காரர். அண்ணைக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம். ஆனாலும் அண்ணை மேல்தட்டைக் காட்டி, கம்பி விட்டுக் குத்துவது போலச் சைகை காட்டினார். அவர் தலையை ஆட்டி, குழாய்ச் சுவரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். சுவர் மெலிந்துவிட்டது, குத்தினால் கிழியும், நடுப்பகுதியை மாற்றத்தான் வேண்டும் என்று அர்த்தம். இவர் ஒத்துக்கொண்டார். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூலி 420 டொலர். அதோடு சரியான மூடி 15. ஹோஸ்களும் பெல்ற்றும் 60. குளிர்திரவமும் வடித்த தண்ணீரும் 30. ஆக 525 டொலர். முதலில் வீணான 278 டொலரை நான் தனி வரியில் எழுதிக் கொடுத்தேன். தம்பி அதைக் கராச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

மூடி பற்றிச் சொல்ல வேண்டும். இது சின்னச் சாமான், பெரிய வில்லங்கம். அந்தக் காருக்குச் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அழுத்தத்துக்கான மூடி வேண்டும். அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை உயரும். ஒவ்வொரு இறாத்தலுக்கும் ஏறக்குறைய 3 பாகை பரனைற் உயரும். தம்பி வாங்கிய மூடியில் 10 என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்த றேடியேற்றரின் கழுத்து ஆழமானது, மூடியின் நாக்கு கட்டை. அடியில் போய்ப் பிடிக்கவில்லை. வெளியே பார்க்க இறுக்கமாகப் பூட்டியிருக்கும், உள்ளே அழுத்தமே இல்லை. எழுத்தைப் பார்த்து வாங்கியது சரி, ஆழத்தை அளக்காமல் வாங்கியது பிழை.

தேமொஸ்ரற்றை எப்போதும் பூட்டுமுன் சோதியுங்கள், புதியது என்றாலும். ஒரு பழைய சட்டிக்குள் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துச் சூடாக்குங்கள். எழுதியிருக்கும் பாகையை அண்டித் திறக்க வேண்டும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம். சூடான நாடு என்று சொல்லித் தேமொஸ்ரற்றைக் கழற்றி எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பற்றி அண்ணையிடம் கேட்டேன். தானும் கழற்றி எறிந்தவர்தான் என்றும், அது பிழை என்று பிந்தித்தான் தெரிந்தது என்றும் சொன்னார். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் எண்ணெய் கெடும், தேயும்.

இன்னும் சில குறிப்புகள். 1967க்கு முந்திய எம்.ஜி.பி.களில் மின்கலத்தின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் மின்சார விசிறி பூட்டினால் மாறிச் சுழன்று காற்றை எதிர்ப் பக்கம் தள்ளும். பழைய கார்களில் வெப்பமானிக்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வரும். ஹெட்டைக் கழற்றும் அவசரத்தில் அது முறிந்தால் மானியும் போயிற்று. புதிய பாகத்துக்காகப் பழையதை வைப்புக்கு அனுப்பச் சொன்னால், புதியது பூட்டி ஓடும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள். அளப்பதற்கு வேறு மாதிரி இருக்காது.

மிக முக்கியமாக, சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம். முகம் வெந்துவிடும். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றவும் வேண்டாம், ஹெட் வெடிக்கும். குளிர்திரவம் இனிப்பான நஞ்சு. நாயும் குழந்தையும் நக்கக்கூடியது. சிந்தினால் உடனே கழுவுங்கள், மிச்சத்தைக் குடிக்கும் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

செப்ரெம்பர் மாதத்தில் றேடியேற்றர் வந்தது. பூட்டுமுன் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினோம். பின் பக்கத்து வடிகால் குமிழைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தியபிறகு துருவும் களியுமாக ஒரு கோப்பை நிறைய வந்தது. பிறகுதான் பூட்டினோம். தம்பி ஓட்ட, அண்ணை பக்கத்தில் இருக்க, ஐ-35இல் ஜோர்ஜ்ரவுண் வரை போய் வந்தார்கள். ஊசி நடுவிலேயே நின்றதாம். திரும்பி வரும்போது மகன் இறங்கி அப்பாவை ஓட்டச் சொல்லியிருக்கிறார். கிளச் மிதித்துக் கியர் மாற்றி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று மறுத்தவர், கடைசியில் எங்கள் தெரு முனையிலிருந்து வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது கியரிலேயே வந்தார்.

அன்றிரவு தம்பி என்னிடம் கேட்டார்: “அப்பான்ர கராச் என்ன ஆனது அங்கிள்?” 1995 ஒக்டோபர் முடிவில் எல்லோரும் வெளிக்கிட்டபோது விட்டுவிட்டு வந்தது. அண்ணை ஒரு குறட்டையும், ஈயம் ஒட்டும் இரும்பையும் மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர். அதை அவரிடமே கேளும் என்று சொன்னேன். கேட்டிருக்கிறார் போலும். இப்போது சனிக்கிழமைகளில் கராச் கதவு திறந்திருக்கிறது.

நேயர்களே, இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் கடைகளிலும், பெற்றோல் நிலையங்களிலும், களஞ்சியங்களிலும் வேலை செய்தோம். வருவதற்கு முதல் என்ன வேலை தெரியும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியாது. இந்த வீட்டில் ஒரு மகன், பாகம் தேடிக் கலிபோர்னியாவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதினார். கேட்க வேண்டிய ஆள் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

உங்கள் வீட்டில் லேத் பிடித்தவர், வெல்டிங் செய்தவர், வானொலி திருத்தியவர், தண்ணீர்ப் பம்புக்குக் கொயில் சுற்றியவர் யாராவது இருந்தால் எங்கள் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஒலிவாங்கியைக் கொண்டு நாங்களே வீட்டுக்கு வருகிறோம். அவர்களுக்குப் பேசத் தயக்கம் என்றால் பழுதான சாமான் ஏதாவது ஒன்றை முன்னால் வைத்துவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.